பக்கத்து வீட்டுச் சத்தம்

கதிர்,

நீ சௌக்கியமாக இருப்பது புதன்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. அதனால் நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேராக வருவது எனக்குப் பழக்கமில்லாத காரியம் என்று உனக்குத் தெரியும். போனில் பேசினால் நடுவில் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துவிட்டால் அந்தப் பேச்சே வாயில் வராது. இரண்டு வருடங்களாக அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் என்னை நடுவில் மறிக்க ஆளில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம், தபாலில் தாமதமாகும் என்று மெயிலில் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ இதை முழுக்கப் படித்தாக வேண்டும். பாதி படித்துவிட்டு, அப்பாவுக்கு வயதாகிறது, புலம்ப ஆரம்பித்துவிட்டார் என்று மூடி வைத்துவிடாதே.

புதன்கிழமை நீ சொன்னது இதுதான். ஞாயிறு காலை பத்து மணிக்கு உனக்குத் தேர்வு. கிளவுடில் அடுத்த கட்டம், பெரிய தேர்வு, வீட்டிலிருந்தே எழுதப் போகிறாய். எங்கிருந்தோ ஒருவர் கேமரா வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று மணி நேரம் நீ நாற்காலியை விட்டு எழக் கூடாது, அறைக்குள் யாரும் வரக் கூடாது, பேச்சுக்குரல் கேட்கக் கூடாது. நிவேதாவுக்கு ஒன்பதாம் மாதம். அவள் அம்மா திங்கட்கிழமைதான் புனே வந்து சேருகிறார். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதால் பயமில்லை என்றாய். "கூரையே விழுந்தாலும் கதவத் தட்டக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்பா. உங்க ரூல்தான்!" என்று சிரித்தாய். பின்னாலிருந்து நிவேதா, "மாமா, உங்க பையனுக்கு நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வாய் கூட இறங்கவில்லை. சோறு சரியில்லையா என்று உன் அம்மா கேட்டாள். சோறு நன்றாகத்தான் இருந்தது.

இந்த விதியை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாய். அந்த விதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது. நான் உன்னிடம் பொய் சொன்னேன், அதனால் தெரியாது. உன் அம்மா விழுந்த அன்று அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை உன் அறைக் கதவைச் சாத்தக் கூடாது. அதன் பிறகு நீ என்னிடம் பேசாமல் போனாலும் பரவாயில்லை என்று எழுத ஆசை. பரவாயில்லை என்பதெல்லாம் கிடையாது. நீ பேசாமல் போனால் எனக்குத் தாங்காது. இருந்தாலும் சொல்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கே கோர்வையாக வரும். இங்கே பெங்களூர் பீன்யாவில் என் ஃபேக்டரியின் சர்வர் அறையை நீ சின்ன வயதில் ஒரு தடவை ஆயுதபூஜை அன்று பார்த்திருக்கிறாய். குளிருகிறது என்று என் கைக்குள் ஒண்டிக்கொண்டாய். இருபத்து நான்கு வருடம் அந்தக் குளிரில் இருந்தவன் நான். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். சக ஊழியர்கள், சார் அடுத்து கற்பூரம் காட்டுவார் என்று கேலி செய்வார்கள். எந்த மின்விசிறி எந்தச் சத்தம் போட்டால் எந்த மெஷின் படுக்கப் போகிறது என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லுவேன். அப்படிப்பட்டவனை மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்து, "சார், ஏப்ரல்ல இந்த ரூமே இருக்காது. எல்லாம் கிளவுடுக்குப் போயிடும். சர்டிபிகேட் இருந்தா அந்த டீம்ல உங்களப் போட்டுடறேன். இல்லேன்னா என் கையில எதுவும் இல்ல" என்றார். உன்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், அவ்வளவுதான். கெட்டவர் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஓய்வு பெற இன்னும் ஐந்து வருடம். அந்த வயதில் இந்த ஊரில் வேறு வேலை யார் கொடுப்பார்கள் என்பதை உனக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். கிளவுடு என்றால் என்ன என்று கேட்டாள். நம்முடைய மெஷினை நாமே வைத்துக்கொள்ளாமல் இன்னொருத்தன் இடத்தில் வாடகைக்கு எடுத்துக்கொள்வது என்றேன். "நாம வாடகை வூட்லருந்து சொந்த வூட்டுக்கு வர்றதுக்குள்ள நாக்கு தள்ளிப்போச்சு. உங்க கம்பெனி சொந்த வூட்ட வுட்டுட்டு வாடகைக்குப் போவுதா? இன்னா புத்தியோ" என்றாள். அதைவிடத் தெளிவாக எந்த வீடியோவும் எனக்கு அந்தப் பாடத்தை நடத்தவில்லை.

நீ சனி, ஞாயிறுகளில் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாய். பொறுமை இழந்த இடங்களும் உண்டு. "அப்பா, அந்த சர்வர் ரூம மறந்துடுங்கப்பா, அப்பதான் இது மண்டையில ஏறும்" என்று ஒருநாள் கத்தினாய். அன்று எனக்கு வலித்தது. ஆனால் நீ சொன்னது சரி. நான் ஒவ்வொரு கேள்வியையும் என் அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தி, அங்கே எந்த மூலையில் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை ஃபெயிலானதற்கு அது ஒரு காரணம். தேர்வு மையத்தில் ஏசி சரியில்லை, கணினி மெதுவாக ஓடியது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? ஏசியும் கணினியும் நன்றாகத்தான் இருந்தன. உள்ளே நுழைந்ததும் வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாக எழுந்து, "பையனுக்குத் துணையா வந்தீங்களா சார்? வெயிட்டிங் ரூம் அந்தப் பக்கம்" என்றாள். என் ஆதாரை எடுத்து நீட்டினேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் கேள்விகளைப் பார்த்தேனா, சுற்றியிருந்த பிள்ளைகளைப் பார்த்தேனா என்று எனக்கே தெரியாது.

இரண்டாம் தடவை வீட்டிலிருந்து எழுதலாம் என்று யோசனை சொன்னது நீ. அதற்காக உன்னை நீ குறை சொல்லிக்கொள்ளாதே. நான் அதைப் பிடித்துக்கொண்டது வெட்கத்தால். இன்னொரு முறை ஃபெயிலானால் யாருக்கும் தெரியாமல் ஃபெயிலாகலாம் என்று கணக்குப் போட்டேன்.

விடிகாலை நாலரைக்கு எழுந்து படித்தேன். உன் அம்மாவும் எழுந்தாள். எட்டாவது வரை படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, நான் எழுதி வைத்த அட்டைகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டிக் கேட்பாள். அவள் உச்சரிப்பில் கேள்வி எனக்குப் புரியாமல் அட்டையைப் பிடுங்கிப் பார்ப்பேன். "பாத்துட்டு சொல்றது ஆட்டத்துல சேராது" என்று திரும்பப் பிடுங்கிக்கொள்வாள். நான்கு மாதத்தில் பாதிப் பதில்கள் அவளுக்கே மனப்பாடம். ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே, ஒரே ஊரில் எல்லாத் தகவலையும் வைக்கக் கூடாது, வெள்ளம் வந்தால் போச்சு என்றாள். பேசாமல் நீயே போய் எழுது என்றேன். "என் மூஞ்சியப் பாத்தா கேமரா ஆப் ஆயிடும்" என்று சிரித்தாள். அந்த நான்கு மாதம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த அளவுக்குக் கல்யாணமான புதிதில் கூடச் சிரித்ததில்லை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவளை நான் சும்மா வெளியே நிறுத்திவைத்துவிட்டுப் படித்தவன் இல்லை. அதனால்தான் இது இன்னும் மோசம்.

பரீட்சை என்றால் மற்றது எல்லாம் அப்புறம் என்ற விதி இந்த வீட்டுக்கு எப்போது வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். நீ செகண்ட் பியூசி, பன்னிரண்டாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். ஃபிசிக்ஸ் பரீட்சைக்கு முதல் நாள் மதியம் உன் அம்மாவின் அப்பா போய்விட்டார். நாலு தெரு தள்ளி அவர் வீடு. சேர்ந்து படித்தால் நல்லது என்று சொல்லி உன்னைத் தொம்மலூரில் உன் நண்பன் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஃபிசிக்ஸ் முடிந்து கணக்குப் பரீட்சையும் முடிந்த பிறகுதான் கூட்டி வந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நீ அவர் வீட்டில் அவர் உட்காரும் இடத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "நீங்க யாருப்பா அத முடிவு பண்றதுக்கு?" என்று கேட்டாய். தாத்தா திரும்பி வரப் போவதில்லை, பரீட்சை போனாலும் திரும்பி வராது என்று பெரிய மேதாவி போலப் பதில் சொன்னேன். ஒரு மாதம் நீ என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ரிசல்ட் வந்தது, நல்ல மார்க், நல்ல காலேஜ். எல்லாரும் நான் செய்தது சரி என்றார்கள். நீயும் போகப் போக அப்படி நினைக்க ஆரம்பித்தாய் என்பதுதான் இப்போது என்னைப் பயமுறுத்துகிறது. அன்று என்னைப் பார்த்துக் கேட்ட பிள்ளை எங்கே போனான்? அவன்தான் எனக்கு வேண்டும். அவன் கேட்டது நியாயம். உன் அம்மாவிடம் கூட நான் அனுமதி கேட்கவில்லை, சொன்னேன். அப்பா போன துக்கத்தில் அவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சனிக்கிழமை, பத்து மணித் தேர்வு. டிபன் சாப்பிடும்போதே உன் அம்மா, "தல ஒரு மாதிரி சுத்துதுங்க" என்றாள். மாத்திரை போட்டுக்கொண்டு படு என்றேன். பிபி மாத்திரையைச் சொன்னேனா, தலைவலி மாத்திரையைச் சொன்னேனா என்று கூட எனக்கு நிச்சயமில்லை. என் கண் கடிகாரத்தில் இருந்தது. அவள் படுக்கவில்லை. காலிங் பெல் வயரைப் பிடுங்கினாள். பக்கத்து வீட்டிலும் மேல் வீட்டிலும் போய், மதியம் வரைக்கும் மிக்ஸி போடாதீர்கள், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவளுடைய பெங்களூர்க் கன்னடத்தில் சொல்லிவிட்டு வந்தாள். நம் வீட்டில் குக்கரே வைக்கவில்லை, விசில் வருமாம். நான் அறைக்குள் போகும்போது, "கூரையே விழுந்தாலும் தட்டாதே" என்று சொன்னேன். விளையாட்டாகச் சொன்னேன் என்று இரண்டு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. கையை நீட்டிச் சொன்னேன். "சரி சாமி, போங்க" என்றாள்.

உள்ளே நடப்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். அறையின் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினேன். சுவரில் இருந்த முருகன் காலண்டரில் பால் கணக்கு எழுதியிருந்ததால் அதைக் கழற்றச் சொன்னார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். தேர்வு ஆரம்பித்தது. எனக்கு வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் உண்டல்லவா? அரை மணி நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி திறந்தது. உதடு அசைகிறது, இன்னொரு முறை விதியை மீறினால் தேர்வு நிறுத்தப்படும் என்று கண்காணிப்பவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு எழுதினேன். ஆனால் நன்றாக எழுதினேன் கதிர். ஒவ்வொரு கேள்வியாகத் திறந்து வழிவிட்டது. இந்த முறை பாஸ் என்று உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. நாற்பத்தோரு நிமிடம் மீதி என்று திரையில் காட்டியபோது கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

இரண்டு தட்டு. பலமாக இல்லை. விரல் முட்டியால் தட்டியது போல் இல்லை, உள்ளங்கையால் தட்டியது போல் இருந்தது. எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. நான் கதவுப் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் கேமராவில் தெரியும். உடனே பெட்டி திறந்தது. சத்தம் கேட்கிறது, உங்களோடு வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். யாரும் இல்லை, பக்கத்து வீட்டுச் சத்தம் என்று பதில் அடித்து அனுப்பினேன்.

ஒரு வரி. ஆங்கிலத்தில் நான்கைந்து வார்த்தை. யோசிக்கவே இல்லை. காலையில் உன் அம்மா தலை சுற்றுகிறது என்று சொன்னது எனக்கு நினைவு வந்தது. வரவில்லை என்று எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை. நினைவு வந்தது. பெரிதாக ஒன்றும் இருக்காது, இருந்தால் இன்னொரு முறை தட்டுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனேன். அவள் தட்டியபோது திரையில் இருந்த கேள்வி என்ன என்று எவ்வளவோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

எல்லாக் கேள்வியையும் முடித்து, சந்தேகமாக இருந்தவற்றைத் திரும்பவும் பார்த்து, கடைசி நிமிடம் வரை உட்கார்ந்திருந்தேன். பாஸ் என்று திரையில் வந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, கதவைக் கூடத் திறக்காமல், "பாஸாயிட்டேன்!" என்று கத்தினேன். பதில் வரவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ கொண்டுவந்து வைத்த கை மாதிரி. என்னைப் பார்த்தாள். பேச முயன்றாள். வந்தது பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான். மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டால் அந்த நேரத்தை வைத்துத்தான் ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். இந்த ஊரிலேயே அந்த நேரத்தை நிமிடக் கணக்கில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். திரையில் பார்த்தேனே! "தெரியாது சார், நான் ரூமுக்குள்ள இருந்தேன்" என்றேன். கடைசியாக எப்போது நன்றாகப் பார்த்தீர்கள் என்றார். பத்து மணிக்கு என்றேன். அவரும் இன்னொரு டாக்டரும் தள்ளிப் போய் நின்று பேசினார்கள். பிறகு ஊசி போட்டார்கள். நான் சரியான நேரத்தைச் சொல்லியிருந்தால், நாற்பத்தோரு நிமிடம் முன்னாலேயே கதவைத் திறந்திருந்தால், அவள் கை இன்று எப்படி இருந்திருக்கும்? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று பிறகு ஒரு டாக்டர் பொதுவாகச் சொன்னார். அவரிடம் நான் உண்மையைச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

உனக்குப் போன் செய்து, தேர்வு முடிந்து வெளியே வந்தேன், அம்மா விழுந்து கிடந்தாள் என்றேன். "நல்லவேளை, நீங்க வீட்ல இருந்தீங்களேப்பா" என்று நீ அழுதாய். விமானம் பிடித்து வந்தாய். அவள் வீடு திரும்பிய பிறகு என் சான்றிதழைப் போட்டோ எடுத்து, ஐம்பத்து மூன்று வயதில் என் அப்பா, ஒரு பக்கம் அம்மாவைக் கவனித்துக்கொண்டு, என்று நீ எழுதி நெட்டில் போட்டாய். எத்தனை பேர் வாழ்த்தினார்கள்! என் மேனேஜர் அதை ஆபீஸில் எல்லாருக்கும் காட்டினார். ஒவ்வொருவரும் கை கொடுத்தார்கள், நான் நன்றி சொன்னேன். அதை எடுத்துவிடு என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, ஏன் என்று கேட்பாயே. இதைப் படித்ததும் எடுத்துவிடு. உன் கல்யாணத்தில் அவள் இடது கையால் அட்சதை போட்டபோது நிவேதா வீட்டுப் பெரியம்மா ஒருவர் முகத்தைச் சுளித்தார். உன் அம்மா கூச்சத்தோடு கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் பட்டு வேட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெரியம்மாவைப் பார்த்து, அந்தக் கையை எடுத்தவன் நான்தான் அம்மா, என்னை முறையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பந்தி ஆரம்பிக்கலாமா என்று கேட்கப் போய்விட்டேன்.

வேலை இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு முழுமை ஆகாது. அந்தச் சர்வர் அறையில் இப்போது பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் இரண்டாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கோ இருக்கும் மெஷின்களைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தேர்வை நான் எழுதியது தப்பு என்று சொல்ல வரவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்திருந்தால் தேர்வு போயிருக்கும், திரும்பப் பணம் கட்டி, திரும்ப ஒரு தேதி வாங்கி எழுதியிருக்கலாம். மேனேஜர் இன்னும் ஒரு மாதம் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருந்திருக்கலாம். வேலையே போயிருந்தாலும் இந்த ஊரில் ஏதோ ஒரு ஏடிஎம் வாசலில் உட்கார்ந்தாவது பிழைத்திருப்போம். இதெல்லாம் இன்று தெரிகிறது. அன்று அந்த அறைக்குள் அந்தத் திரையைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உனக்கும் அப்படித்தான் இருக்கும். நீ நல்லவன், நிவேதாவின் மேல் உயிரையே வைத்திருக்கிறாய், அதனால் உனக்கு அப்படி ஆகாது என்று மட்டும் நினைக்காதே. எனக்கும் உன் அம்மா மேல் பிரியம் இல்லாமல் இல்லை.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நேற்று மதியம் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அழுத்திப் பழகிக்கொண்டிருந்தாள். நீ தட்டியது எனக்குக் கேட்டது என்றேன். பக்கத்து வீட்டுச் சத்தம் என்று எழுதி அனுப்பினேன் என்றேன். டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவள் பந்தை அழுத்துவதை நிறுத்தவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று நின்றுதானே பேசுகிறாள்.

"தெரியும்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தட்னேனா... உள்ள கீபோர்டு சத்தம் கேட்டுச்சு. சரி, அவருக்குக் கேட்டுடுச்சு... யாருக்கோ பதில் போடறாரு, சொல்லிட்டு வந்துடுவாருன்னு... அப்டியே உக்காந்தேன்."

உனக்கே தெரியும், அந்தத் தேர்வில் கீபோர்டுக்கு வேலை கிடையாது. விடையை மவுஸால் தொட்டால் போதும். நான்கு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் பயிற்சி செய்வதைப் பார்த்தவள் அவள். உள்ளே தட்டச்சுச் சத்தம் கேட்டதும், நான் வெளியே வரப் போகிறேன் என்று எழுதுவதாக எடுத்துக்கொண்டாள். மூன்றாவது முறை அவள் தட்டாததற்கு நான் போட்ட விதிதான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். விதியை மீறித்தான் அவள் தட்டினாள். மூன்றாவது முறை தட்டாமல் விட்டது நான் வருவேன் என்று நம்பியதால். நாற்பத்தோரு நிமிடம் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டு வருடம் ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கேட்டேன். "நீங்களே... சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். பிறகு பந்தை என் கையில் கொடுத்துவிட்டு, "புள்ளைக்கு... எழுதுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள" என்றாள்.

எழுதிவிட்டேன். தேதியைத் தள்ளி வைக்க முடியுமானால் இன்றே தள்ளி வை. முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுது, நான் தடுக்கவில்லை. என்னிடம் பேசுவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்துகொள். இதைப் படித்து முடித்ததும் முதலில் எழுந்து நிவேதாவிடம் போ. கூரை விழ வேண்டாம், தண்ணீர் வேண்டுமென்றால் கூடத் தட்டு என்று சொல். அவள் சிரிப்பாள், சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்பாள். விளையாட்டு இல்லை என்று அவள் நம்பும்வரை சொல். ஞாயிற்றுக்கிழமை அவள் தட்டினால், எதையும் அடிக்காதே, யாருக்கும் பதில் எழுதாதே. எழுந்து போய்க் கதவைத் திற.

அப்பா